வெந்நீர்ச் சுருள்

2025 ஜூன் 3, செவ்வாய்

பார்லர் விடுமுறை. குக்கருக்குப் பக்கத்தில் ஒரு தலை.

தெர்மகோல் தலைதான். அதன் மேல் அண்ணனின் விக். இருபத்திரண்டு தடித்த ரோலர்கள் சுற்றி, ஊசி குத்தி, வெந்நீர் ஊற்றினேன். கொதிக்கிற நீர் கூடாது. இது நிஜ முடி இல்லை, நைலான் மாதிரி ஏதோ ஒன்று. சூடு மிஞ்சினால் சுருங்கும். ஊற்றிய பிறகு முழுக்கக் காயும் வரை தொடக் கூடாது. பிரித்த பின் சீப்பு படக் கூடாது, விரல் மட்டும்.

தத்துவத்தில் எம்.ஏ. வாங்கியவள் வியாசர்பாடிக் குடியிருப்பு ஒன்றின் சமையலறையில் நின்று ஒரு தலை உலர்வதற்காகக் காத்திருக்கிறாள். காத்திருப்பதற்குத்தான் படிப்பு உதவுகிறது.

பகலவன் அண்ணனுக்கு இருபத்தெட்டு. எண்ணூர்ப் பக்கம் கன்டெய்னர் யார்டில் சூப்பர்வைசர். சனிக்கிழமைகளில் மேடையேறிக் கானா பாடுவான். இருபத்தைந்திலேயே தலை காலி. ஹெல்மெட்டைக் குற்றம் சொல்கிறான். அப்பாவின் தலையைப் பார்த்தால் ஹெல்மெட் நிரபராதி.

மேடையில் மட்டும் பழைய சுருட்டை திரும்பி வரும். அவன் குதித்தால் அதுவும் அரை நொடி தாமதமாகக் குதிக்கும். அந்த அரை நொடி என் வேலை.

ஜூன் 5

ரயிலில் ஒரு பெண் என் சுருட்டைத் தலையைக் காட்டி, "இது உங்களுதா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். எனக்கே கொஞ்சம் சந்தேகமாக இருந்தது.

ஜூன் 8, ஞாயிறு

அறிவு மாமா வந்தார். படிப்பகச் செயலாளர், கல்யாணப் பேச்சும் பார்ப்பார். கத்திவாக்கத்துப் பெண்ணாம். ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை. கார்குழலி என்று பெயர். போட்டோவில் முகத்தின் இருபுறமும் முடி ஸ்கேல் வைத்துக் கோடு போட்டது போல விழுகிறது.

அம்மா பார்த்துச் சிரித்தாள். "நல்லதாப் போச்சி. எங்க வூட்ல மாசத்துக்கு ஒரு சீப்பு ஒடையுது. வர்றதாவது நேர் முடியா வரட்டும்."

கிண்டல். மாமா சிரிக்கவில்லை. மாமா எதற்கும் சிரிக்க மாட்டார். கூட்டத்தில் தீர்மானம் குறித்துக்கொள்கிறவர் போலத் தலையசைத்தார்.

அங்கே போயிருப்பது அண்ணனின் மேடை போட்டோ. மைக், வியர்வை, நான் சுற்றிய சுருள்.

முன்னாடியே சொல்லிவிட வேண்டும் என்றேன். பெண் பார்த்துவிட்டு வந்து சொல்லிக்கொள்ளலாம் என்றாள் அம்மா. அண்ணன் தலையைத் தடவிக்கொண்டிருந்தான். முடி இருந்த காலத்தில் அவன் இவ்வளவு தடவியதில்லை.

ஜூன் 12

எட்டு கஸ்டமர். ஆறு பேருக்கு அயர்ன் போட்டு நேராக்கல். பார்லரை விட்டுத் தேரடியில் இறங்கி நாலு கடை தாண்டுவதற்குள் கடல் காற்று முனைகளைக் கிளப்பிவிடும். அது அவர்களுக்கும் தெரியும். நாலு கடை வரைக்குமாவது.

ஜானட் அக்காவின் பார்லரில் சட்டம் ஒன்றுதான்: கஸ்டமரிடம் முடியைப் பற்றிப் பேசு, குடும்பத்தைப் பற்றிப் பேசாதே. நாற்காலியில் கேட்டதை வீட்டுக்குக் கொண்டுபோகாதே. அக்கா இதை ஒருநாளும் கடைப்பிடித்ததில்லை.

ஜூன் 18, புதன்

மதியம் ஒரு பெண். துப்பட்டாவால் தலையை இறுக்கிக் கட்டியிருந்தாள். பர்மனென்ட் ஸ்ட்ரெயிட்னிங் வேண்டும், ஞாயிற்றுக்கிழமை பெண் பார்க்க வருகிறார்கள் என்றாள்.

துப்பட்டாவை எடுத்தாள். கொண்டையை அவிழ்த்தாள். முடி கீழே விழவில்லை, வெளியே வந்தது. நாற்காலியின் முதுகு மறைந்துவிட்டது. நான் நல்ல சுருட்டை பார்த்திருக்கிறேன், என்னுடையதும் சேர்த்து. இது வேறு.

இதை எதற்கு நேராக்க வேண்டும் என்று கேட்டேன்.

"மாப்ள வூட்டு கண்டிசன். அவங்க வூட்ல எல்லாருக்கும் சுருட்டையாம். மாசத்துக்கு ஒரு சீப்பு ஒடையுதாம். நேர் முடி பொண்ணுதான் ஓணுமாம்."

என் கையில் சீப்பு இருந்தது. கீழே வைத்துவிட்டேன்.

"எனக்கு சிரிப்புதான் வந்துது. எங்கம்மா சிரிக்கல. போட்டோக்கு அயர்ன் போட்டு நின்னேன். தெனத்துக்கும் அப்டி நிக்க முடியுமா? அதான் ஒரேயடியா முடிச்சிடலாம்னு."

நோட்டில் பெயர் எழுத வேண்டும். எனக்குத் தெரிந்துவிட்டது. இருந்தாலும் கேட்டேன். கார்குழலி, கத்திவாக்கம், சனிக்கிழமை பதினோரு மணி.

போகும்போது என் தலையைப் பார்த்தாள். "நீங்க மட்டும் ஏன் நேராக்கல?"

சோம்பேறித்தனம் என்றேன்.

மாலை —

இப்ப இன்னா பண்றது. அம்மா அடிச்ச ஜோக்குக்கு ஒருத்தி தலைய வேகவைக்கப் போறா. வேகவைக்கப் போறது நானு. மருந்து போட்டா போட்டதுதான், புதுசா வளர்ந்தாத்தான் உண்டு. இந்தப் பக்கம் பாத்தா இல்லாத முடிக்கு வாராவாரம் வெந்நி ஊத்திகினு கீறேன். அவ கிட்ட இருக்கறத இல்லன்றா. இவன் இல்லாதத இருக்குன்றான். ரெண்டும் என் கைவேலதான்.

அம்மாவிடம் சொல்ல முடியாது. நாற்காலியில் கேட்டது.

ஜானட் அக்காவிடம் சொன்னேன். அக்கா சிரித்துச் சிரித்துத் தலை கழுவும் நாற்காலியில் சாய்ந்துவிட்டாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்: "அவ முடிய பத்தி நீ பேசுடி. உங்கண்ணன் மண்டைய பத்தி உங்கண்ணன் பேசட்டும். அது உன்னுது இல்ல."

ஜூன் 19

"அந்தப் பொண்ணுகிட்ட நீயே சொல்லிடு" என்றேன் அண்ணனிடம். "சொல்லிக்கலாம் மேடம்" என்றான். ஹெல்மெட்டைப் போட்டுக்கொண்டு சொன்னான், வீட்டுக்குள்ளேயே.

ஜூன் 21, சனி

பதினொன்றுக்குச் சரியாக வந்தாள்.

மருந்து டப்பாவைத் திறக்கவில்லை. முதலில் தலையை அலசலாம் என்றேன். கழுவி, ஈரத்தோடு க்ரீம் தடவி, பகுதி பகுதியாகப் பிரித்தேன். பெரிய ரோலர்கள். நுனியிலிருந்து வேர் வரை இழுத்துச் சுற்றினேன். இழுக்கும்போது அவள் புருவம் மேலே போனது.

"நேராக்கறதுக்கு ஏன் சுத்தறீங்க?"

பொய் சொல்லியிருக்கலாம். அதற்கான வாக்கியம்கூட வாயில் தயாராக இருந்தது.

"சீப்பு சமாசாரம் கண்டிசன் இல்ல. அது ஜோக்கு" என்றேன்.

"உங்களுக்கு எப்டி தெரியும்?"

"சொன்னது எங்கம்மா."

கண்ணாடியில் அவள் முகம். தலையில் பதினெட்டு ரோலர்கள். கோபப்பட்டு எழுந்து போக முடியாத நிலை. இதைத் திட்டமிட்டுச் செய்யவில்லை என்று இங்கே எழுதி வைக்கிறேன்.

டிரையரைப் போட்டு எடுத்தேன். பிறகு கேட்டாள். "அப்ப நீங்க அவரோட தங்கச்சி."

"ஆமா."

"அவருக்கு நெசமாவே அவ்ளோ முடியா? போட்டோல கீற மாதிரி?"

"நான்தான் செட் பண்றேன்."

உண்மை. முழுக்க உண்மை. ஒரு பொய்க்கு இவ்வளவு சுத்தமாகச் சட்டை போட்டுவிட முடியும் என்று எனக்கு இன்றுதான் தெரிந்தது. படித்தது வீண் போகவில்லை.

ரோலரைப் பிரித்தேன். ஒவ்வொன்றும் கையிலிருந்து நழுவி ஸ்பிரிங் போல மேலே ஏறியது. விரலில் இரண்டு சொட்டு எண்ணெய் தடவிப் பிரித்து, தலையைக் குனியச் சொல்லி, வேர்களை உலுக்கினேன். நிமிர்ந்தாள். சுருள்கள் அரை நொடி கழித்து நிமிர்ந்தன.

அவள் தலையை இடமும் வலமும் ஆட்டிப் பார்த்தாள். திரும்பவும் ஒருமுறை. மூன்றாவது முறை யாருக்கும் தெரியாமல் ஆட்டினாள்.

நாளைக்கு இப்படியே இரு, பிடிக்காவிட்டால் புதன்கிழமை வா, நானே நேராக்கித் தருகிறேன் என்றேன். யோசிக்கிறேன் என்றாள். தூங்கும்போது தலைக்குச் சுற்ற வழுவழுப்பான துணி ஒன்று கொடுத்தேன்.

அவளிடம் பாதி சொல்லியாகிவிட்டது. மீதிப் பாதி வீட்டில் தெர்மகோல் மேல் உட்கார்ந்திருக்கிறது.

ஜூன் 22, ஞாயிறு

காலையில் அது நடந்தது.

விக்கின் முன் நெற்றியில் ஒரு சுருள் படுத்திருந்தது. முடி சுருட்டும் டாங்ஸை எடுத்தேன். நூற்றெண்பது டிகிரி. நிஜ முடிக்கான சூடு. சுற்றினேன்.

பிளாஸ்டிக் வாளி தீய்ந்தது போல வாசனை. சுருள் கம்பியோடு ஒட்டி, இழுத்ததும் பசை போல நீண்டது. நெற்றிப் பக்கம் முழுவதும் சுருண்டு கறுத்துப் பொரிந்துவிட்டது.

இந்த விக்கை இரண்டு வருடமாகச் செட் செய்கிறேன். டாங்ஸை அதன் அருகில்கூடக் கொண்டுபோனதில்லை. தெரிந்தே செய்தேனா? தெரியவில்லை. தூக்கக் கலக்கம் என்று சொல்லலாம். தூக்கக் கலக்கம் இல்லை.

அம்மா தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டாள். அப்பா ஜன்னலைத் திறந்தார். அண்ணன் விக்கைக் கையில் எடுத்துப் பார்த்தான், அடிபட்ட பூனையைப் பார்ப்பது போல.

"மன்னிச்சிரு" என்றேன்.

"வுடு" என்றான். "மேடைல பேஜாரு பண்ணாம இன்னிக்கி பண்ணுச்சே."

தொப்பி போட்டுக்கொண்டான். கொருக்குப்பேட்டையில் ரயில் ஏறினோம். கூட வந்த அறிவு மாமா தொப்பியை ஒருமுறை பார்த்தார். வழியெல்லாம் அண்ணன் ஜன்னலோரம் உட்கார்ந்து வந்தான். விக் வைத்த பிறகு அவன் ஜன்னலோரம் உட்கார்ந்தே நான் பார்த்ததில்லை.

கத்திவாக்கம். அவர்கள் வீட்டு வாசலில் செருப்பை விட்டோம். அண்ணன் செருப்பின் மேல் தொப்பியையும் விட்டான்.

உள்ளே மின்விசிறிச் சத்தம். அவள் அப்பா அண்ணன் தலையைப் பார்த்தார், அலமாரியில் இருந்த போட்டோவைப் பார்த்தார், மறுபடி தலையை.

"போட்டோல கீறது விக்கு, நைனா" என்றான் அண்ணன். "என் தங்கச்சி சுத்தறது. என் தல இதான். முன்னாடியே சொல்லியிருக்கணும். பயமா இருந்துது."

அவள் அம்மா மெதுவாகக் கேட்டார்: "அப்ப நேர் முடி ஓணும்னு எங்கள கேட்டது?"

"யார் கேட்டது?" என்றாள் என் அம்மா.

எல்லோரும் அறிவு மாமாவைப் பார்த்தார்கள். மாமா மின்விசிறியைப் பார்த்தார். "நீங்க சொன்னதத்தான் நான் சொன்னேன்" என்றார். வார்த்தைக்கு வார்த்தை சரி. சிரிப்பை மட்டும் அவர் எடுத்துப் போகவில்லை.

அப்போது அவள் டீ கொண்டுவந்தாள்.

சுருள்கள் அப்படியே இருந்தன. நேற்றைவிடப் பெரிதாக. கதவில் இரு பக்கமும் உரசிக்கொண்டு உள்ளே வந்தன. என் அம்மா வாயைத் திறந்தபடி இருந்தாள். கார்குழலி அண்ணன் தலையைப் பார்த்தாள். நிறைய நேரம். பிறகு டம்ளரை என்னிடம் நீட்டிச் சொன்னாள்:

"செட் பண்றேன்னு சொன்னீங்க. எதன்னு சொல்லல."

அவள் சிரிக்கவில்லை.

கிளம்பும்போது, சொல்லி அனுப்புகிறோம் என்றார்கள்.

ஜூன் 23

சொல்லி அனுப்பவில்லை.

ஜூன் 25, புதன்

இன்றைக்கு அவள் நேராக்க வரலாம். வந்தால் செய்து தருவதாக வாக்கு. மருந்து டப்பாவை எடுத்து முன்னால் வைத்தேன். ஜானட் அக்கா அதை எடுத்துப் பின்னால் வைத்தாள். நான் முன்னால் வைத்தேன். இப்படியே ஏழு மணி ஆகிவிட்டது. வரவில்லை.

அண்ணன் கேட்கவில்லை. கேட்காமல் இருப்பதை என் கண்ணில் படும்படி செய்துகொண்டிருந்தான்.

ஜூன் 28, சனி

வந்தாள். முடி பறந்துகொண்டிருந்தது, காற்றில் சுருள் கலைந்து பாதி மேகம். துப்பட்டா தோளில்.

உட்காரவில்லை. "அந்த விக்க கொண்டாங்க, பாக்கணும்" என்றாள்.

பையிலேயே இருந்தது. சரிசெய்யலாம் என்று எடுத்துவந்திருந்தேன். பொரிந்த நெற்றியைப் பார்த்தாள். தொட்டாள். உதடு ஒரு பக்கமாகக் கோணியது. பிறகு அடக்க முடியாமல் சிரித்துவிட்டாள். நாற்காலியைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். நான் சிரிக்கலாமா என்று தெரியாமல் நின்றேன்.

"நீங்க என்கிட்ட மறைச்சீங்க" என்றாள், சிரிப்பு நின்றதும்.

"ஆமா."

"இனிமே மறைக்கக் கூடாது."

இனிமே. அந்தச் சொல்லை நான் உடனே புரிந்துகொள்ளவில்லை. ஜானட் அக்கா புரிந்துகொண்டு மருந்து டப்பாவை அலமாரியில் வைத்துப் பூட்டினாள்.

கத்தரிக்கோலை வாங்கி, கருகிய பகுதியை அவளே வெட்டினாள். "மேடைக்கு இது போதும். தூரத்துல தெரியாது. வூட்ல ஓணாம். அந்தத் தல நல்லாதான் கீது, ஒரு பொய்யும் இல்லாம" என்றாள். பிறகு வெந்நீர் எவ்வளவு சூடு இருக்க வேண்டும் என்று கேட்டாள்.

விரல் வைத்தால் எடுக்கத் தோன்ற வேண்டும், ஆனால் பதறக் கூடாது என்றேன்.

நவம்பர் 9, ஞாயிறு

மழை. வீட்டில் எதுவும் காயவில்லை. குக்கருக்குப் பக்கத்தில் தலை. நேற்று அண்ணி ஊற்றிய வெந்நீர் இன்னும் சொட்டுகிறது. ஈரத்தில் எங்கள் மூன்று பேர் முடியும் இரண்டு மடங்காகிவிட்டது. குளியலறைக்கு வெளியே வரிசை.

அம்மா சந்தையிலிருந்து அகலப் பல் சீப்பு ஒரு டஜன் வாங்கி வந்தாள். ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தாள். எனக்கு ஒன்று, அண்ணிக்கு ஒன்று, அவளுக்கு ஒன்று. மீதி, உடையும்போது எடுக்க.

அண்ணன் வாசலில் நின்று கையை நீட்டினான். "எனக்கு எது?"