புடவைக் கடை ஆட்டோவில் உன் குரல்

இன்று மதியம் என் மருமகள் பண்டிகைக்கு வாங்கிய நூல் புடவையை என் மடியில் பிரித்துப் போட்டாள். கஞ்சி வாசனை குப்பென்று வந்தது. உடனே உன் குரல் கேட்டது. நினைவு வந்தது என்று எழுதினால் அழகாக இருக்கும். ஆனால் உன்னிடம் எதற்குப் பொய்? கேட்டது. என் காதுக்குப் பின்னால், ஒரு சாண் தூரத்தில் கேட்டது. “இன்னா அத்தே, கலர் புடிக்கலயா?” என்றாள் மருமகள். புடவையை மடித்து அவள் கையிலேயே கொடுத்துவிட்டு மொட்டை மாடிக்கு வந்து உட்கார்ந்திருக்கிறேன். திருப்பதி வெயிலில் இந்த நேரத்துக்கு மொட்டை மாடியில் உட்கார்ந்திருப்பவள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். நீ போய்ச் சேர்ந்து இத்தனை வருஷமாகியும் நிம்மதியாக ஒரு புடவை கட்ட விடமாட்டேன் என்கிறாயே, நியாயமாடி?

புத்தூர் ஆர்கெஸ்ட்ராவில் நாம் இரண்டு பேரும் சேர்ந்தபோது உனக்குக் குரல் இருந்தது. எனக்கு இருந்தது வாய் மட்டும். எந்தப் பாடகியின் பாட்டைக் கொடுத்தாலும் அந்த அம்மா தும்மினால் எப்படித் தும்முவாரோ அதுவரை எனக்கு வரும். கீபோர்டு வாசித்த மாஸ்டர் என் பெயரையே மறந்துவிட்டு, “ஜெராக்ஸ் வந்துட்டாளா?” என்றுதான் கேட்பார். உனக்கு அது வராது. நீ எதைப் பாடினாலும் அது நீ பாடியதாகத்தான் இருக்கும். வடமாலபேட்டை ஜாத்திரையில் ஒருத்தன் எழுந்து நின்று, “ஒரிஜினல் மாரி பாடும்மா” என்று கத்தினான். நீ மைக்கிலேயே, “ஒரிஜினல் வேணும்னா கேசட்டு வாங்கிக் கேளுய்யா. நான் என் மாரிதான் பாடுவேன்” என்றாய். கூட்டம் விசிலடித்தது. எனக்குப் பொறாமையாக இருந்தது, வேறென்ன?

வீட்டுக்கு வீடு கேபிள் டி.வி. வந்து, சோப்புக்கும் பிஸ்கட்டுக்கும்கூடப் பாட்டு உண்டு என்று ஜனங்கள் தெரிந்துகொண்ட சமயம் அது. புத்தூர் புடவைக் கடைக்காரர் ஒருவருக்குத் தன் கடைக்கும் ஒரு பாட்டு வேண்டும் என்று ஆசை வந்தது. ஸ்டுடியோவுக்குச் செலவு செய்ய மட்டும் மனசு வரவில்லை. கடைக் குடோனிலேயே பதிவு செய்தோம். சுற்றிலும் கூரை முட்டப் புடவை மூட்டைகள். கொஞ்சமும் எதிரொலி கிடையாது. பேசினால் பேச்சு உதட்டோடு நின்றுவிடுவது மாதிரி இருந்தது. “குழிக்குள்ள உக்காந்து பாடற மாரி கீதுடி” என்று சிரித்தாய். கஞ்சி வாசனையில் நான் தும்மிக்கொண்டே இருந்தேன். நகரியில் தறி வீட்டில் பிறந்த உனக்கு அது பவுடர் வாசனை. ‘ரண்டி வதினா, சீர சூடண்டி’ என்று தெலுங்கில் அண்ணிகளைப் புடவை பார்க்கக் கூப்பிட்டுவிட்டு, ‘நம்ம ஊரு நெசவு, நாலு தெரு பேசும்’ என்று தமிழில் முடித்தாய். வாங்கி வைத்த டீ ஆறுவதற்குள் வேலை முடிந்துவிட்டது.

அந்தப் பாட்டு, ஸ்பீக்கர் கட்டிய கடை ஆட்டோவில் ஏறி ஊர் ஊராகப் போனது. அப்புறம் அதைப் பிடிக்க முடியவில்லை. உங்கள் தெருவில் தறியின் சடக் சடக்குக்கு ஏற்றபடி அதைப் பாடினார்கள். பிள்ளைக்குச் சோறு ஊட்டுகிறவள் பாடினாள். வெதுருகுப்பத்தில் ஒரு கல்யாணத்துக்குப் பாடப் போனோம். ‘புடவைப் பாட்டு வேண்டும்’ என்று மேடைக்குச் சீட்டு வந்ததே, ஞாபகம் இருக்கிறதா? ஒரு சாவு வீட்டில் மூலையில் உட்கார்ந்திருந்த பொம்பளை அதை முனகிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டதை நானே பார்த்தேன். எத்தனை மேடையில் தொண்டை கிழியக் கத்தியிருப்போம்! அதெல்லாம் அடுத்தவர் பாட்டு. விடிந்ததும் ஊர் மறந்துவிடும். உன் பாட்டென்று ஊர் எடுத்து வைத்துக்கொண்டது இது ஒன்றைத்தான்.

பிறகு மேடைகள் குறைந்தன. கேசட்டைப் போட்டே கல்யாணங்களை முடித்துக்கொண்டார்கள். நூல் விலை ஏறி உங்கள் தறியும் பாதி நாள் சும்மா நின்றது. அக்கம்பக்கத்தில் பலரும் குவைத்துக்குப் போனார்கள். நீயும் வீட்டு வேலைக்குப் போனாய். அங்கிருந்து ஒரு கேசட்டில் பேசி எனக்கு அனுப்பினாய். “இங்க கொயந்தைங்களுக்கு நம்ம புடவைப் பாட்டச் சொல்லிக் குடுத்துட்டேன்டி. இன்னா ஏதுன்னு தெரியாம, நாலு தெரு பேசும்னு கத்திக்கினு ஓடுதுங்க” என்றாய். உனக்குப் பின்னால் அந்தக் குழந்தைகள் பாடுவதும் கேட்டது. நான் விழுந்து விழுந்து சிரித்தேன்.

அதற்கடுத்து வந்தது பெட்டி. காய்ச்சல் என்றார்கள். திறக்க வேண்டாம் என்றார்கள். உன் நைனா தலையாட்டினார், ஊரும் தலையாட்டியது. உன் அம்மா மட்டும் குனிந்து பெட்டியின் மேல் காதை வைத்துக் கேட்டாள்.

காரியம் முடிந்த வாரமே நீ உங்கள் தெருவுக்கு வந்தாய், ‘ரண்டி வதினா’ என்று. குழாயடியில் நின்ற பெண்கள் குடத்தை அப்படியே விட்டுவிட்டு வீட்டுக்குள் ஓடிக் கதவைச் சாத்தினார்களாம். நாலு பேர் சேர்ந்து புத்தூருக்குப் போய்க் கடைக்காரரைக் கேட்டார்கள். “பாட்ட மாத்தினா யாபாரம் பூடும்” என்று அவர் கையை விரித்துவிட்டார். கடைசியில் உன் அம்மாதான், “பாடிட்டுப் போவட்டும் உடுங்க. கேசட்டுதானே?” என்றாள். ஆட்டோ வரும் நாளில் உள்ளே உட்கார்ந்து, முழுப் பாட்டையும் கேட்டுவிட்டு, மறுபடி தறிக்குப் போவாள். அவளுக்கு அப்போது புத்தி தெளிவாகத்தான் இருந்தது. இதை நீ தெரிந்துகொள்ள வேண்டும்.

சில வருஷம் கழித்துக் கடை இடம் மாறி, பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே போனது. கடைக்காரர் எனக்கு ஆள் அனுப்பினார். “ஏமம்மா, அந்தப் பொண்ணு கொந்து அப்படியே உனக்கு வருமாமே? மாஸ்டர் சொன்னாரு. பாட்டு அப்படியே இருக்கட்டும். எடம் மாறினத மட்டும் ஒரு வரி சொல்லிடு” என்றார். குரலைத்தான் அவர் தெலுங்கில் கொந்து என்பார். எனக்கு மேடை விட்டுப்போய் வெகு நாளாகியிருந்தது. மைக் என்றதும் கால் தானாக நடந்தது. புதுக் குடோன், ஆனால் அதே மூட்டைகள், அதே வாசனை. கண்ணை மூடிக்கொண்டு, உன்னைப்போலவே மூச்சை இழுத்து, “நம்ம கடை இப்போ பஸ் ஸ்டாண்டு எதிர்ல” என்றேன்.

போட்டுக் கேட்டோம். நீ பாடினாய், பாடி முடித்து நீயே இடமும் சொன்னாய். எந்த இடத்தில் நீ முடிந்து நான் ஆரம்பித்தேன் என்று எனக்கே தெரியவில்லை. ஆட்டோ ஓட்டுகிறவர் எழுந்து வெளியே போய், “இத்த எடுத்துக்கினு நான் நகரிக்குப் போவ மாட்டேன் சார்” என்றார். மறுநாள் போகத்தான் போனார். வயிறு என்று ஒன்று இருக்கிறதே.

அவர் போன மதியம் உங்கள் தெருவில் கரண்ட் இல்லை. தறிக்காரத் தெருவில் கரண்ட் போனால் எப்படி இருக்கும் என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அத்தனை சத்தமும் ஒரே நொடியில் அறுந்துபோய், அவரவர் மூச்சு அவரவருக்கே கேட்கும். அந்த உச்சி வெயிலில், ஈ காக்கை இல்லாத தெருவில் நீ வந்தாய். உன் அம்மா வழக்கம்போல் உள்ளே உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தாள். பாட்டு முடிந்தது. அதற்கு மேலும் நீ பேசினாய்.

மறுநாள் காலையில் உன் அம்மா புத்தூரில் என் வீட்டு வாசலில் நின்றாள். தலையை வாரிப் பூ வைத்திருந்தாள். கையில் தூக்குச் சட்டி.

“வா பெரிம்மா. இன்னா இவ்ளோ காலையில?”

“அவ எங்க கீறா?”

“எவ?”

“நடிக்காதடி. எம்பொண்ணு எங்க கீறா? கடை பஸ் ஸ்டாண்டு எதிர்ல வந்தது இப்பத்தானே? செத்தவளுக்கு அது எப்பிடித் தெரியும்?”

உள்ளே கூட்டிவந்து பாயில் உட்கார வைத்தேன்.

“பெட்டியத் தொறக்காத உட்டாங்களே, அன்னிக்கே எனக்கு டவுட்டு. வந்துட்டா. வந்து இங்கதான் எங்கியோ பாடிக்கினு கீறா. எம்மேல இன்னா கோவமோ, வூட்டுக்கு வர மாட்டேங்கறா. நேத்து சாயந்திரமே கடையில போய்க் கேட்டேன், சிரிக்கிறானுங்க. நீயாவது சொல்லு. துன்னாளா? அத்தயாவது சொல்லு.” தூக்குச் சட்டியை என் பக்கம் நீட்டினாள். உனக்குச் சோறும் கத்திரிக்காய்க் குழம்பும்.

நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் அவள் தினமும் பஸ் ஏறி வந்து, சட்டியும் கையுமாகப் புத்தூர் தெருக்களில் உன்னைத் தேடிக்கொண்டிருப்பாள். அந்தக் கோலத்தில் அவளை நினைத்துப் பார்க்கவே என்னால் முடியவில்லை. “பெரிம்மா, அது நான்” என்றேன். நம்பவில்லை. “நீ எதுக்குடி எம்பொண்ணு வாயில பேசற?” என்று சீறினாள். வேறு வழி தெரியாமல் அவள் முன்னால் உட்கார்ந்து, கண்ணை மூடி, உன் குரலில் அந்த வரியைச் சொன்னேன்.

கண்ணைத் திறந்தபோது அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை, என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். அடிப்பாள் என்று நினைத்தேன். அடித்திருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும். மெல்லக் கையை நீட்டி, உள்ளே ஆள் இருக்கிறதா என்று கதவைத் தொட்டுப் பார்ப்பதுபோல, என் தொண்டையைத் தொட்டாள்.

“அப்போ அவ இல்ல.”

“இல்ல பெரிம்மா.”

கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். பிறகு, “குவைத்துக்குப் போற அன்னிக்கு எங்கிட்ட சொல்லிக்காமலே பூட்டாடி. நான் அழுவேன்னு பயம். நான் தறியில கீறேன், அவ பஸ் ஏறிட்டா. நீ சொல்லு” என்றாள்.

“இன்னா சொல்லணும்?”

“அவளாட்டம் எங்கிட்ட சொல்லிக்கோ.”

எப்படியோ உன் குரலை வரவழைத்து, “அம்மா, போய்ட்டு வரேன்” என்றேன். அப்படித்தானே சொல்வோம்? படி இறங்கும்போது வெறுமனே ‘போறேன்’ என்று நம் ஊரில் எவள் சொல்வாள்? சொன்னால் வாயிலேயே போடுவார்கள்.

“வரேன்னு சொல்லாதடி!” என்று உன் அம்மா கத்தினாள். “வரேன்னு சொன்னா நான் வாசல்லயே நின்னுக்கினு இருப்பேன். போறேன்னு சொல்லு.”

“அம்மா, போறேன்.”

“போ கண்ணு” என்றாள்.

பிறகு எழுந்து வெளியே போனாள். தூக்குச் சட்டியைத் திறந்து, சோற்றில் குழம்பை ஊற்றிப் பிசைந்து, என் வீட்டு மதில்மேல் காக்காய்க்கு வைத்தாள். அதுவரை ஒருநாளும் அவள் உனக்குக் காக்காய்ச் சோறு வைத்ததில்லை.

அன்றைக்கே கடைக்குப் போய் ஒரு சண்டை போட்டேன். அது கடைத்தெருவுக்கே கேட்டிருக்கும். கடைக்காரர் தலையில் அடித்துக்கொண்டு கேசட்டை நிறுத்தினார். சென்னையிலிருந்து புதுக் குரல் ஒன்று வந்தது. அது ஒருத்தர் வாயிலும் நிற்கவில்லை.

அதற்குப் பிறகு எத்தனையோ தடவை உங்கள் வீட்டுக்குப் போனேன். உன் அம்மா முன்னால் நான் வாயைத் திறந்ததே இல்லை. அவளும் என்னைப் பேசச் சொன்னதில்லை. தண்ணீர் வேண்டுமென்றால் கையைக் காட்டுவேன், கொடுப்பாள். இருவரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருப்போம். உங்கள் தெருவுக்குப் புதிதாகக் குடிவந்தவர்கள் என்னை ஊமை என்றே நினைத்திருந்தார்கள். அவள் கண்ணை மூடும்வரை அப்படித்தான் இருந்தேன்.

இப்போது என் வீட்டில் யார் வெளியே கிளம்பினாலும், ‘போய்ட்டு வரேன்னு சொல்லிட்டுப் போ’ என்று அதட்டுகிறேன். “நீ மட்டும் ஒரு நாளும் சொல்றதில்லியேம்மா” என்று என் மகன் சிரிக்கிறான். நான் செருப்பை மாட்டிக்கொண்டு பேசாமல் படியிறங்கிவிடுவேன். சொல்லலாம் என்று வாயெடுத்தால் முதலில் வருவது உன் குரல். அது ‘வரேன்’ என்று முடிக்குமா, ‘போறேன்’ என்று நின்றுவிடுமா என்று எனக்குப் பயமாக இருக்கிறது.