வளைந்து தெரிந்த கொடிக்கம்பம்

அலமாரியை ஒழித்தபோது அந்தப் பழைய சஞ்சிகை கையில் அகப்பட்டது. பக்கமெல்லாம் பாச்சை உருண்டை வாசம். நடுப்பக்கப் படத்தில், நிலாவில் இரண்டு விண்வெளி வீரர்கள், பக்கத்தில் கொடிக்கம்பம்.

நீங்கள் ஓய்வு பெற்ற வருடம், ஒரு ஞாயிற்றுக்கிழமை. கடலுக்கு அக்கரையில் செபராங் ஜெயாவிலிருந்து ஃபெரி ஏறி நம் டத்தோ கிராமாட் வீட்டுக்கு வந்த என் தம்பி, செருப்பைக் கழற்றியதும் இந்தச் சஞ்சிகையை விரித்தான்.

"அத்தான், நல்லா பாருங்க. ரெண்டு பேரு நிழலும் ரெண்டு பக்கம் போகுது. சூரியன் ஒண்ணுதானே? நிலாவுக்கே போகல, இது ஸ்டூடியோவுல எடுத்தது லா!"

கான்வென்டில் படித்தவள், விடுவேனா? வராந்தாவில் ஒரு துவாலையை மேடும் பள்ளமுமாகக் கசக்கி விரித்து, உங்கள் பென்சில்கள் இரண்டை நூல்கண்டுகளில் செருகி அதன்மேல் நிறுத்தினேன். மாலை வெயிலில் ஒன்றின் நிழல் நேராக நீண்டது. மற்றது சரிவில் விழுந்து திரும்பிக்கொண்டது.

"பாத்தியா? வெளிச்சம் ஒண்ணுதான். தரைதான் கோணல்."

"அக்கா கிளாஸ் ஆரம்பிச்சிட்டாங்க, நான் ஃபெரிய பிடிக்கிறேன் லா," என்று தம்பி சிரித்தான்.

நீங்கள் சிரிக்கவில்லை. வலது கண்ணை மூடுவதும் திறப்பதுமாகப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள்.

"நிழல் சரி. இந்தக் கம்பம் ஏன் நடுவுல வளைஞ்சிருக்கு?"

"நேராத்தான் இருக்கு," என்றேன்.

"இல்லம்மா. வளைஞ்சிருக்கு."

நில அளவை அலுவலகத்தில் முப்பது வருடம் கோடு வரைந்தவர் நீங்கள். மைத்துனன் முன்னால் என்னிடம் தோற்க மனமில்லாமல் வீம்பு பிடிக்கிறீர்கள் என்றே நினைத்தேன். "நேர்க்கோடு எதுன்னு தெரியாமலா இத்தன வருஷம் பிளான் வரைஞ்சீங்க?" என்றேன். தம்பிகூடத் தலையைக் குனிந்துகொண்டான். நீங்கள் சஞ்சிகையை மூடி வைத்தீர்கள். அதன்பிறகு எது கோணலாகத் தெரிந்தாலும் என்னிடம் சொல்லவில்லை.

மூன்று மாதம் கழித்து ஒரு காலை, காப்பி கொடுத்த என்னை, இடது கண்ணைப் பொத்திக்கொண்டு உற்றுப் பார்த்து, "உன் மூக்கு தெரியல," என்றீர்கள். விளையாட்டென்று நினைத்தேன். நீங்கள் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு வலது கண்ணைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தீர்கள்.

விழித்திரையில் கசிவு என்றார் கண் மருத்துவர். "கோடெல்லாம் வளைஞ்சு தெரியும்போதே வந்திருந்தா லேசர் வச்சுப் பாத்திருக்கலாம். எப்ப ஆரம்பிச்சது அங்கிள்?"

என் கைப்பையின் வாரை இறுகப் பிடித்துக்கொண்டேன். சொல்லிவிடுவீர்கள். சொல்வதுதான் நியாயம்.

"ரெண்டு வாரம் இருக்கும் டாக்டர்," என்றீர்கள், என் பக்கம் திரும்பாமலே.

யாராவது கிழமையைத் தவறாகச் சொன்னாலே திருத்துகிறவள் நான். அன்று வாயைத் திறக்கவில்லை. வலது கண்ணில் பார்வை திரும்பவே இல்லை. அந்த ஞாயிற்றுக்கிழமையைப் பற்றி நீங்கள் கடைசிவரை ஒரு சொல் சொன்னதில்லை. மன்னிப்புக் கேட்க என் கௌரவமும் இடம் கொடுக்கவில்லை.

நிழல்களைப் பற்றி நான் சொன்னது இன்றைக்கும் சரிதான். நீங்கள் கேட்டது நிழலைப் பற்றி அல்ல.

எனக்காக நீங்கள் சொன்ன அந்த ஒரு பொய்யை இத்தனை வருடமும் திருத்தாமல் வைத்திருந்தேன். இன்று திருத்துகிறேன். ரெண்டு வாரம் இல்லை டாக்டர், மூன்று மாதம். அவர் அன்றே என்னிடம் சொன்னார்.