ஜன்னலுக்குப் பர்மிட் கிடையாது

பிப்ரவரி 3

ஜெயித்துவிட்டோம்! ஏப்ரல் முதல் தேதியிலிருந்து ஆல்மா தெருவில் குடியிருப்பவர்கள் மட்டும்தான் கார் நிறுத்தலாம் என்று நகராட்சி முடிவு செய்துவிட்டது. இரண்டு வருடம் வீடு வீடாகக் கதவைத் தட்டிக் கையெழுத்து வாங்கியது வீண்போகவில்லை. இனி ரயிலைப் பிடிக்க வருகிறவர்கள் விடியும் முன்பே எங்கள் வாசலை அடைத்துக் காரைப் போட்டுவிட்டு லீட்ஸுக்கு வேலைக்குப் போக முடியாது. நானும் கால் வைத்தியம் என்று ஊரெல்லாம் கிழவர்களுக்குக் கால் நகம் வெட்டி, ஆணி செதுக்கிவிட்டு வந்து, அந்தக் கனத்த பையோடு இடம் தேடிச் சுற்ற வேண்டாம்.

பக்கத்து வீட்டு நஸ்ரீன் எலுமிச்சை கேக்கோடு வந்தாள். வாசலிலேயே கோஷம். "தலைவி கேய்னர் வாழ்க!"

எதிர்வீட்டு சக்டன் மட்டும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். பர்மிட் கட்டணம் முதல் காருக்கு வருடம் முப்பத்தைந்து பவுண்டு, இரண்டாவதற்குத் தொண்ணூறு. "என் வாசல்ல என் காரை நிறுத்த நான் எதுக்குக் காசு கட்டணும்?"

"உங்க நாய் பிஸ்கட்டுக்கு அதைவிட ஆகுமே" என்றேன். நாய் என்னைப் பார்த்து வாலாட்டியது. அதற்குப் புரிந்திருக்காது, பாவம்.

பிப்ரவரி 20

பர்மிட் விண்ணப்பத்தை நிராகரித்துவிட்டார்கள். என்னுடையதை. என்னுடையதை மட்டும்!

என் வீடு தெருமுனையில். ஜன்னலெல்லாம் ஆல்மா தெருவைப் பார்த்து இருக்கின்றன. கதவு மட்டும் பக்கத்துச் சந்தில். ஆகவே முகவரி சந்தின் பேரில். சந்து திட்டத்தில் இல்லை. அந்தச் சந்தில் ஒரு சைக்கிளைக்கூடச் சாய்த்து வைக்க முடியாது.

நகராட்சிக்குப் போன் போட்டேன். யாரோ சின்னப் பெண். நல்ல மரியாதையான குரல்.

"உங்க கதவு ஆல்மா தெருவுல இல்லீங்களே மேடம்."

"ஜன்னல் எல்லாம் அங்கதாம்மா இருக்கு!"

"ஜன்னலுக்குப் பர்மிட் தர்றதில்லீங்க."

அவளும் சிரிப்பை அடக்கிக்கொண்டுதான் சொன்னாள் என்று நினைக்கிறேன். நஸ்ரீன் அடக்கவே இல்லை. படிக்கட்டில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "ஊருக்கே விருந்து வெச்சுட்டு, உனக்கு மட்டும் தட்டு இல்லைன்னுட்டாங்களேடி!"

நானும் சிரித்தேன். பிறகு குளியலறையில் கொஞ்சம் அழுதேன். ரெண்டு வருஷம்டி கேய்னர், ரெண்டு வருஷம்!

மார்ச் 11

மேல்முறையீடும் போயிற்று. ஒரு வீட்டுக்காக வரைபடத்தை மாற்ற முடியாதாம். சரி, போங்கள்.

ஏப்ரல் 1

தெரு என்ன அழகாக இருக்கிறது! காலியாக, அகலமாக. இங்கே ஒரு செர்ரி மரம் இருப்பதே இன்றுதான் கண்ணில் பட்டது. ஜன்னல் வழியாக நாள் முழுக்கப் பார்த்து ரசித்தேன். என் கார் மேலே குவாரி மேடு என்ற தெருவில் நிற்கிறது. அங்கே இன்னும் பர்மிட் இல்லை. பையைத் தூக்கிக்கொண்டு இறங்கினால் முழங்கால் பேசுகிறது.

ஏப்ரல் 9

கார்க் கண்ணாடியில் ஒரு சீட்டு. "இது உங்கள் தெரு அல்ல. உங்கள் தெருவில் நிறுத்துங்கள்." கொட்டை எழுத்தில், அடிக்கோடு வேறு.

யார் அந்த ஆள்? அதன் கீழேயே எழுதி, கார் நின்ற இடத்துக்குப் பக்கத்து வீட்டு வேலியில் செருகிவிட்டு வந்தேன்: "என் தெருவுக்கே என்னைப் பிடிக்கவில்லை. என்ன செய்ய?"

ஏப்ரல் 10

பதில்! "அப்படியானால் ஒரு முழம் தள்ளியாவது நிறுத்துங்கள். டியூபா ஏற்ற முடியவில்லை."

டியூபாவா?

ஏப்ரல் 16

ஆளைப் பார்த்துவிட்டேன். பெயர் எல்லிஸ். உயரம், நரைத்த மீசை, பழைய மில் பேண்டு வாத்தியக் குழுவில் இருக்கிறார். டியூபா என்பது கன்றுக்குட்டி அளவுள்ள பித்தளை வாத்தியம். அதைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, என் காருக்கும் அவர் காருக்கும் நடுவில் சிக்கி நின்றார்.

"நீங்கதானா அந்தப் பச்சைக் கார்?"

"நீங்கதானா அந்த அடிக்கோடு?"

ஆளுக்கொரு பக்கம் பிடித்து ஏற்றினோம். அப்போதுதான் கவனித்தேன், வலது காலை ஊன்றாமல் நடக்கிறார். "கால்ல ஆணி இருக்கு உங்களுக்கு" என்றேன். "அதெல்லாம் ஒண்ணுமில்ல" என்றார். எல்லா ஆம்பிளைகளும் முதலில் அதைத்தான் சொல்வார்கள்.

மே 7

எல்லிஸின் காலை ஒருவழியாகச் சரிசெய்தேன். காசு வாங்கவில்லை, மீன் வறுவலும் உருளைக்கிழங்கும் வாங்கி வந்தார். காலை என் மடியில் வைத்துக்கொண்டே திட்டித் தீர்த்தார். என்னை இல்லை. ஆனால் என்னைத்தான்.

"கீழ ஆல்மா தெருவுல எவளோ ஒருத்தி கிளப்பி விட்டாளாம் இந்தப் பர்மிட்டை. ரயிலுக்கு வர்ற காரெல்லாம் இப்ப எங்க தலையில. அவ மட்டும் என் கையில கிடைச்சா..."

"கிடைச்சா?"

"டியூபாவை அவ காதுல வெச்சு ஊதுவேன்."

கத்தி கையில் இருந்ததால் நான் சிரிக்கவில்லை. சொல்லவும் இல்லை. சொல்லியிருக்கலாமே? அடுத்த வாரம் சொல்லிக்கொள்ளலாம்.

ஜூன் 18

அடுத்த வாரம், அடுத்த வாரம் என்று ஜூன் பாதி போய்விட்டது. வியாழக்கிழமைதோறும் அவர் வீட்டில் டீ. நான் போகும்போது எனக்காக ஒரு கார் இடத்தைக் குப்பைத்தொட்டி வைத்துப் பிடித்து வைத்திருக்கிறார். வெளியே சொல்லக்கூடாதாம்.

ஜூலை 5

பூங்காவில் பேண்டு கச்சேரி. எல்லிஸ் சிவப்புக் கோட்டில் நன்றாகத்தான் இருந்தார். முடிந்ததும் நஸ்ரீனை அறிமுகப்படுத்தினேன். அவள் அவர் கையைப் பிடித்துக் குலுக்கி, "இவளை லேசா நினைச்சுடாதீங்க! எங்க தெருவுக்குப் பர்மிட் வாங்கிக் குடுத்ததே இந்தத் தலைவிதான்!" என்றாள்.

அவர் என்னைப் பார்த்தார். டியூபாவைத் தனியாகவே தூக்கிக்கொண்டு போய்விட்டார்.

அய்யோ நஸ்ரீன். அவ மேல என்ன தப்பு? வாயைத் திறந்து சொல்ல எனக்கு எத்தனை வியாழக்கிழமை இருந்துச்சு? கால் நகம் வெட்டத் தெரியுது, ஒரு வார்த்தை சொல்லத் தெரியலையே—

ஜூலை 9

வியாழக்கிழமை. போகவில்லை. காரைத் தொலைவில், மாதா கோவிலுக்குப் பின்னால் நிறுத்தினேன்.

ஜூலை 21

மழை. நஸ்ரீன் மூன்றாவது முறையாக மன்னிப்புக் கேட்டாள். நான் மூன்றாவது முறையாக அவளைத் திட்டி அனுப்பினேன். கேக்கை மட்டும் வாங்கிக்கொண்டேன்.

ஜூலை 26

கதவு தட்டும் சத்தம். எல்லிஸ். தொப்பியிலிருந்து தண்ணீர் சொட்டுகிறது.

"கதவைக் கண்டுபிடிக்கவே கால் மணி நேரம் ஆச்சு. ஜன்னல் எல்லாம் அந்தப் பக்கம் இருக்கு, வாசல் எங்கயோ இருக்கு!"

"அதுக்காகத்தான் எனக்குப் பர்மிட் தரலை."

சிரித்தார் பாருங்கள், டியூபா தோற்றது. சந்து முழுக்க எதிரொலித்தது. முகவரிக் கதை முழுவதையும் சொன்னேன். காதில் ஊத வந்திருக்கிறீர்களா என்றும் கேட்டேன்.

"ஊதத்தான் வந்தேன். ஆனா அதுக்கு முன்னாடி ஒரு உதவி. எங்க மேட்டுக்கும் பர்மிட் கேக்கலாம்னு அலையறேன். கதவைத் திறந்தவுடனே மூஞ்சியில சாத்தறாங்க. நீ எப்படிம்மா ஜெயிச்சே?"

இதுவரை 'நீங்கள்' என்றுதான் பேசுவார். அதை அவர் கவனித்தாரா தெரியவில்லை.

"முதல்ல அந்த மீசையை இறக்குங்க. அடிக்கோடு போடற மாதிரியே பேசறீங்க. அப்புறம் கையில கேக் இருக்கணும்" என்றேன்.

ஆகஸ்ட் 14

இருவரும் சேர்ந்து குவாரி மேடு முழுக்க ஏறி இறங்குகிறோம். நான் பேசுகிறேன், அவர் கேக் தட்டைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். கையெழுத்து மளமளவென்று விழுகிறது.

நஸ்ரீன் கேட்டாள்: "ஏய், அங்கேயும் பர்மிட் வந்தா உன் காரை எங்கடி நிறுத்துவே?"

எனக்குத் தெரியாதா? முதல் கதவைத் தட்டும்போதே தெரியும். ஒரே வருடத்தில் இரண்டு தெருவிலிருந்து என்னை நானே துரத்திக்கொள்கிறேன். வேறு யாருக்கு வரும் இந்தத் திறமை?

அவரும் ஒரு நாள் நடுத்தெருவில் நின்று, "வேண்டாம்னா விட்டுடலாம்" என்றார். "நடங்க, ஒற்றைப்படை நம்பர் வீடெல்லாம் பாக்கி" என்றேன்.

டிசம்பர் 19

பனி. காரும் நானும் மேட்டிலேயே மாட்டிக்கொண்டோம். நல்ல வேளை.

மார்ச் 2

குவாரி மேட்டுக்குப் பர்மிட் வந்துவிட்டது. நேற்று நஸ்ரீனும் சக்டனும் என் பெட்டிகளை எல்லிஸ் வீட்டுக்குத் தூக்க வந்து, சமையலறையில் இருந்த கேக்கை முடித்துவிட்டுப் போனார்கள். சந்து வீட்டுக்கு ஒரு இளம் தம்பதி குடிவருகிறார்கள். அவர்களிடம் கார் இல்லை, நிம்மதி.

இன்று காலை எல்லிஸ் மேசையில் விண்ணப்பத்தை விரித்து வைத்துக்கொண்டு, கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கினார்.

"நம்ம வீட்டுல எத்தனை கார்னு போட?"

"ரெண்டுன்னா தொண்ணூறு பவுண்டு கூட ஆகும்."

"டியூபா உன் கார்ல நுழையாது."

"என் பை உங்க கார்ல நுழையுமே" என்றேன்.

அவர் நிமிரவில்லை. ஒன்று என்று எழுதினார். பச்சைக் காரைக் கழுவி வைத்துவிட்டேன். சனிக்கிழமை யாரோ விலை பேச வருகிறார்கள்.