நிற்கத் தெரியாத மரம்

மார்ச் 3, செவ்வாய்

ஆடுது!! மரம் ஆடுது!!!

மார்ச் 4, புதன்

நேற்று அதற்கு மேல் எழுத முடியவில்லை. அது ஆடுவதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். இன்றாவது ஒழுங்காக எழுதுகிறேன்.

ஒரு கோடு போடு. அதன் நுனியில் இடப்பக்கம் ஒரு குட்டி மரம், வலப்பக்கம் ஒரு குட்டி மரம் போடு. என் புரோகிராம் மொத்தமே இவ்வளவுதான். குட்டி மரத்துக்குள்ளும் இதே இரண்டு வரிதான். மரம் வரையச் சொன்னால் மரம் போய் மரத்தைக் கூப்பிடுகிறது. இதற்குப் பேர் ரிகர்ஷன். வருகிற படத்துக்குப் பேர் ஃப்ராக்டல். இதைக் கண்டுபிடித்தவர் கையில் கிடைத்தால் கட்டிப்பிடித்துக்கொள்வேன்.

படமாக நிற்கிற மரம் போன மாசமே வந்துவிட்டது. அசைய வைக்கத்தான் உயிர் போயிற்று. கிளைகள் இயல்பாகத் தெரியட்டும் என்று ஒவ்வொன்றின் சாய்வையும் கம்ப்யூட்டரையே குத்துமதிப்பாகத் தேர்ந்தெடுக்கச் சொல்லியிருந்தேன். ஓட விட்டால் மரம் கரண்ட் ஷாக் அடித்த மாதிரி உதறியது! புரோகிராம் எழுதக் கற்றுக்கொள்கிற எங்கள் ஆன்லைன் குரூப்பில் நத்தையிடம் காட்டினேன். நத்தை என்பது பட்டப்பெயர். ஆணா பெண்ணா தெரியாது, எப்போது தூங்கும் என்றும் தெரியாது. எனக்கு மூணு பாடம் முன்னால் போய்க்கொண்டிருக்கிறது, அவ்வளவுதான்.

"லூசு, படம் மாறும்போதெல்லாம் புதுசா சீட்டு குலுக்கிட்டு இருக்க. அப்புறம் மரம் எப்படி நிக்கும்? ஒரே தடவ குலுக்கு, வந்தத ஞாபகம் வச்சுக்க."

அதே! ஒரே தடவை குலுக்கினேன். அப்புறம் அடிமரத்துக்கு மட்டும் துளியூண்டு ஆட்டம் கொடுத்தேன். அது தன் கிளைகளுக்குக் கொடுக்கிறது, அவை தங்கள் பங்கைச் சேர்த்துத் தங்கள் கிளைகளுக்குக் கொடுக்கின்றன. அடியில் அசைவே தெரியாது, நுனி மட்டும் அலைபாய்கிறது. காற்றைப் பற்றி நான் ஒரு வரிகூட எழுதவில்லை. காற்று தானாக வந்துவிட்டது.

மார்ச் 5, வியாழன்

பஸ் ஸ்டாப்பில் நிஜ மரத்தைப் பார்த்துக்கொண்டே நின்றேன். பஸ் போய்விட்டது.

மார்ச் 6, வெள்ளி

இதை எப்படி எழுதுவது!

நான் ரிசப்ஷனில் உட்காருகிற பல் ஆஸ்பத்திரியில், காத்திருப்பவர்களுக்காகச் சுவரில் ஒரு பெரிய ஸ்கிரீன் உண்டு. அதில் காலையிலிருந்து சாயங்காலம் வரை ஒரே பற்பசை விளம்பரம். ஓர் ஆள் வாயைத் திறந்து எல்லாப் பல்லையும் காட்டுவான். முடிந்ததும் மறுபடி காட்டுவான். என் கனவில்கூட வந்துவிட்டான்.

மத்தியானம் அசிஸ்டென்ட் அக்காவிடம் போனில் மரத்தைக் காட்டிக்கொண்டிருந்தேன். டாக்டர் பின்னால் வந்து நின்றதைக் கவனிக்கவில்லை. டாக்டர் யாரையும் பாராட்ட மாட்டார். அதிகபட்சம் "ம்" வரும். அந்த "ம்" வந்தது!

"இத அந்தப் பல்லுக்காரனுக்குப் பதிலா ஓட விடலாமா?"

"விடுங்க டாக்டர், அந்தாளு சிரிப்ப பாத்தா எனக்கே பல்லு கூசுது" என்றார் அக்கா.

"புதன்கிழமை விளம்பரக் கம்பெனி ஆளு வர்றாரு. திங்களும் செவ்வாயும் உன் மரம் ஓடட்டும். நல்லாருந்தா அவர வேணாம்னு அனுப்பிடறேன். சரிப்படலன்னா இன்னும் ஒரு வருஷத்துக்குப் பல்லுக்காரன்தான்."

என் மரம். நிஜச் சுவரில். நிஜ மனுஷர்கள் முன்னால்.

மார்ச் 8, ஞாயிறு

நாள் பூராவும் நிறம் மாற்றி மாற்றிப் பார்த்தேன், விதையிலிருந்து மரம் வளர்கிற மாதிரியும் செய்தேன். குரூப்பில் எல்லாரும் என்னைவிடக் குதிக்கிறார்கள். அம்மாதான், "பல்லு ஆஸ்பத்திரில எதுக்குடி மரம்? வந்து சாப்பிடு, ஆறுது" என்றாள்.

"பல்லுக்கும் வேர் இருக்குல்லம்மா."

"உனக்கு மூள இருக்கா?"

மார்ச் 9, திங்கள்

சூப்பர் சூப்பர் சூப்பர்! ஹாலில் ஒருத்தரும் போனை எடுக்கவில்லை. விதையிலிருந்து மரம் வளரும், ஆடும், மறுபடி விதையாகும். கன்னம் வீங்கின ஒருவர் என்னிடம் வந்து, "இது எப்பம்மா முடியும்?" என்று கேட்டார்.

"முடியாது சார், திரும்பத் திரும்ப வந்துட்டே இருக்கும்."

"என் பல்லுவலி மாதிரின்னு சொல்லு."

ஹாலே சிரித்தது. சிரித்தவர்கள் எல்லாரும் உடனே கன்னத்தைப் பிடித்துக்கொண்டார்கள்.

நாளைக்கு இதைவிடப் பிரமாதமாக ஒன்று. மரம் விதைக்குத் திரும்ப வேண்டாம், வளர்ந்துகொண்டே போகட்டும். கொஞ்ச நேரத்துக்கு ஒரு முறை கிளைக்கு மேல் இன்னொரு படி கிளை. நத்தை எச்சரித்தது: "ஒவ்வொரு படிக்கும் கிளை ரெண்டு மடங்கு ஆகும். பாத்து."

"தெரியும் தெரியும்" என்றேன்.

மார்ச் 10, செவ்வாய்

போச்சு. எல்லாம் போச்சு.

வளரச் சொன்னேனே, எங்க நிக்கணும்னு சொன்னேனா? சொல்லல. ரெண்டு நாலாச்சு, நாலு எட்டாச்சு, அப்புறம் ஆயிரம், லட்சம்... ஹால் நிரம்பியிருக்கிற நேரம் பாத்து எல்லாம் அப்படியே உறைஞ்சு போச்சு. ஸ்கிரீன் ஓடுறதும் என் மேஜை கம்ப்யூட்டர்லதான். யார் அடுத்து, யாருக்கு ஊசி போட்டாச்சு, எல்லாம் இருக்கிறதும் அதே கம்ப்யூட்டர்லதான். மவுஸ் அசையல. போன் அடிச்சுட்டே இருக்கு. அக்கா ஒவ்வொருத்தர்கிட்டயா போய், "உங்களுக்கு மரத்துடுச்சா?"ன்னு கேக்கறாங்க. ஒருத்தர் "ஆஆச்"னு சொல்றாரு. அது ஆமாவா இல்லையா?

டாக்டர் மாஸ்க்கோட வெளிய வந்தாங்க.

"நிறுத்து."

"நிக்க மாட்டேங்குது டாக்டர்."

குனிஞ்சு பிளக்க அவங்களே புடுங்கினாங்க. பல்லு மாதிரி. ஒரே இழு. "இனிமே இது வேணாம்."

முதல் பாடத்துல முதல் வரி என்ன? தன்னைத் தானே கூப்பிடுற எதுக்கும், எங்க நிக்கணும்னு மொதல்ல எழுது. நான்தான் தெரியும் தெரியும்னேன்.

மார்ச் 11, புதன்

விளம்பரக் கம்பெனி ஆள் வந்தார். பல்லுக்காரன் சிரிக்கிறான். ஒரு வருஷத்துக்கு.

மார்ச் 13, வெள்ளி

நத்தையிடம் சொல்லிவிட்டேன். திட்டும் என்று நினைத்தேன். விழுந்து விழுந்து சிரித்தது. "நான் எங்க மாமா லேப்டாப்ப இப்படித்தான் படுக்க வச்சேன். இப்பதான் நீ நம்ம ஆளு." அப்புறம் ஒரு கேள்வி: "சரி, கடைசிக் கிளை எவ்ளோ நீளம் இருந்துச்சு?"

அதை யார் பார்த்தார்கள்? கணக்குப் போட்டேன். ஒவ்வொரு படியிலும் கிளை கொஞ்சம் குட்டையாகிறது. குட்டையாகிக் குட்டையாகி... ஐயோ! ஸ்கிரீனில் இருக்கிற ஒரு புள்ளியை விடச் சின்னது! யார் கண்ணுக்கும் தெரியாத கிளைகளை வரைய அந்தக் கம்ப்யூட்டர் செத்திருக்கிறது!

அப்படியென்றால் படியை ஏன் எண்ண வேண்டும்? "கிளை இரண்டு புள்ளியை விடச் சின்னதானால் நில்." ஒரே வரி. ஒரே ஒரு வரி! கீறல் விழுந்த என் பழைய போனில்கூடச் சூடேறாமல் ஓடுகிறது. நான் போட்ட கத்தலில் அம்மா, கரப்பான் பூச்சி என்று நினைத்துத் துடைப்பத்தோடு வந்தாள்.

மார்ச் 16, திங்கள்

கன்னம் வீங்கினவர் பல் பிடுங்க வந்தார். "மரம் எங்கம்மா?" பாவமாக இருந்தது, போனில் போட்டுக் கொடுத்தேன். மனுஷன் அதோடு உள்ளே போய்விட்டார்! அக்கா வெளியே வந்து நடித்தே காட்டினார்: அவர் நாற்காலியில் மல்லாந்து படுத்து, முகத்துக்கு மேல் போனைத் தூக்கிப் பிடித்திருக்கிறார்.

"கைய எறக்குங்க, எனக்கு வாய் தெரியல."

"எனக்கு மரம் தெரியணுமே டாக்டர்."

பிடுங்கியதே தெரியவில்லையாம் அவருக்கு. டாக்டர் என் போனோடு மேஜைக்கு வந்தார். எழுந்து நின்றேன்.

"இது நிக்குமா?"

"நிக்கும் டாக்டர். கண்ணுக்குத் தெரியாத அளவுக்குப் போனதும் நின்னுடும்."

"ம்."

மார்ச் 18, புதன்

டாக்டர் தன் வீட்டு டேப்லெட்டைக் கொண்டுவந்தார்! எலெக்ட்ரீஷியன் அதை நாற்காலிக்கு நேர் மேலே கூரையில் மாட்டினார். "படுத்துப் பாரு" என்றார் டாக்டர். படுத்தேன். மரம் தலைகீழாகத் தொங்கியது. நின்றுகொண்டு பார்த்தே சரி என்று சொல்லியிருக்கிறேன், நான் ஒரு மக்கு. திருப்பினேன். டாக்டர் என்னை எழுப்பிவிட்டுத் தானும் படுத்தார். ரொம்ப நேரம் எழுந்திருக்கவில்லை. அக்கா என்னைப் பார்த்துக் கண்ணடித்தார்.

மார்ச் 24, செவ்வாய்

டாக்டர் உள்ளேயிருந்து குரல் கொடுத்தார்: "இங்க வாம்மா, இவங்க ரொம்பப் பயப்படறாங்க. கொஞ்சம் மெதுவா வளர்ற மாதிரி வை."

போய் ஓர் எண்ணை மாற்றிவிட்டு என் இடத்துக்கு வந்தேன். டிரில் சத்தம் கேட்டது. வேறு சத்தம் எதுவும் கேட்கவில்லை.