ஒயிலாட்டக் காலில் இத்தாலி வினைகள்

ஜூன் 3, செவ்வாய். ஒத்தக்கடை.

என் பெண்டாட்டி பாண்டிமீனா இத்தாலிக்குப் போய் ஒரு வருசம். அங்கே ஒரு கிழவியை வீட்டோடு இருந்து பார்த்துக்கொள்கிற வேலை. நானும் போவதென்றால் ஏஜென்சிக்காரன் மொழிப் பரீட்சை பாஸாகச் சொல்கிறான். ஆன்லைன் டீச்சர் வினைச்சொல்லை அசை அசையாகப் பிரி, அழுத்தம் எங்கேன்னு காட்டு என்கிறார். மண்டையில் ஏறவே இல்லை. நாற்பது வயசில் எனக்கு இது தேவையா?

ஜூன் 6

ஏறிருச்சு! ஊர்க் கோயிலில் ஒயிலாட்டம் ஆடின கால் சும்மா இருக்குமா? அசைக்கு ஒரு மிதி, அழுத்தம் விழுகிற இடத்தில் கைக்குட்டையை ஒரு வீச்சு. மான்-ஜா-ரெ, சாப்பிடுவது: நடு மிதியில் வீசணும். பியான்-ஜெ-ரெ, அழுவது: முதல் மிதியிலேயே.

கீழ்வீட்டு அழகம்மாளக்கா கத்தினார். "ஏப்பா செல்வக்குமாரு, ஆடி இன்னும் பொறக்கவே இல்ல, அதுக்குள்ள மாடிய இடிக்கிறியா?"

இதைச் சொல்லிச் சிரிக்கலாமென்று பாண்டிமீனாவுக்குப் போன் போட்டேன். எடுக்கவில்லை.

ஜூன் 11

ரசம், அப்பளம். இன்று நான் வாயைத் திறந்தது வினைச்சொல்லுக்கு மட்டும்தான்.

ஜூன் 15, ஞாயிறு

எடுத்தாள். சாப்பிட்டியா என்றேன்.

"சாப்ட்டேன். பக்கத்துல நம்மூர்ப் பொண்ணுக இருக்காளுகள்ல, எல்லாரும் சேந்து ஒரே கூத்து. சரி, வைக்கிறேன்."

கூத்தாம்ல. அம்புட்டுச் சந்தோசமா இருக்கறவளுக்கு நான் எதுக்கு? பரீட்சைக்குப் பேர் கொடுக்க வெள்ளிக்கிழமை கடைசி. கொடுக்கப் போவதில்லை. கைக்குட்டையை அலசிக் கொடியில் போட்டாச்சு.

ஜூன் 18

மனசு கேட்கவில்லை. சாயங்காலம் அவள் வேலை பார்க்கிற வீட்டு நம்பருக்கே போன் போட்டேன். கிழவி எடுத்தாள். நான் பாண்டிமீனாவின் புருசன் என்று தட்டுத்தடுமாறிச் சொன்னேன். மகராசி, நிறுத்தி நிறுத்திப் பேசினாள். ஒவ்வொரு வினைக்கும் என் கால் தானாகத் தரையில் மிதித்துப் பார்த்தது.

மான்ஜா சோலா. தனியாகச் சாப்பிடுகிறாள். அடுப்படியில், நின்றபடியே. பியான்ஜெ. அழுகிறாள்.

அடிப்பாவி — என்கிட்ட ஏன்டி சொல்லல? நான் மட்டும் சொன்னேனா? நல்லாருக்கேன், நல்லாருக்கேன்னுதானே நானும் —

பேர் கொடுத்துவிட்டேன்.

ஜூன் 20

மணி நாலரை. அங்கே மத்தியானச் சாப்பாட்டு நேரம். வீடியோ கால் போட்டு, போனைச் சொம்பில் சாய்த்து வைத்து, எதிரே தட்டைப் போட்டு உட்கார்ந்தேன்.

அழகம்மாளக்கா எட்டிப் பார்த்தார். "என்னப்பா, இந்நேரத்துலயா சோறு?"

"ஆமாக்கா. வீட்ல இப்பத்தான் சாப்பிட உக்காந்துருக்கா."