அவர் அடைத்தார், நான் எடுத்தேன்

என் செல்ல மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். நீ சுகமாக இருக்கிறாயா, வேளைக்குச் சாப்பிடுகிறாயா, இல்லை நின்றுகொண்டே எதையாவது கொறித்துவிட்டு வேலைக்கு ஓடுகிறாயா. இங்கே நான் சுகம், முழங்கால் மட்டும் மாடிப்படியைக் கண்டால் முனகுகிறது, உன் அப்பாவும் உடம்பளவில் சுகம், பின்பக்கத் தொட்டியில் இருக்கும் மீன்கள் எங்கள் இருவரையும்விடச் சுகம். போன் இருக்கும்போது இவள் எதற்குக் கூரியரில் கடிதம் அனுப்புகிறாள் என்று பயந்துவிடாதே, யாருக்கும் ஒன்றுமில்லை. போனில் பேசினால் அப்பா ஸ்பீக்கரைப் போட்டுவிட்டுப் பக்கத்திலேயே நிற்கிறார். மெசேஜ் அனுப்பினால், நான் கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொள்வதற்குள் அவர் படித்துப் பதிலும் போட்டுவிடுகிறார். இது அவர் காதுக்குப் போகக் கூடாத விஷயம். இப்போது முடிவெட்டப் போயிருக்கிறார், கடையில் கூட்டம் இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டு எழுதுகிறேன்.

போன ஞாயிற்றுக்கிழமை நீ அவரிடம், “போதும்ப்பா, உங்களுக்கு மறதி வந்துடுச்சு, இனி இந்தத் தொட்டியைப் பார்த்துக்க உங்களால முடியாது, யாருக்காவது குடுத்துடுங்க” என்று சொன்னாய். நல்ல மனதோடுதான் சொன்னாய், எனக்குத் தெரியும். பிறகு மறதிக்குப் பார்க்கும் டாக்டரின் நம்பரை எனக்கு ரகசியமாக அனுப்பினாய், அந்த ரகசியத்தையும் முதலில் படித்தவர் அவர்தான். அன்றிலிருந்து மனிதர் முகத்தில் களையே இல்லை. தொட்டியை எடுத்துக்கொண்டு போக, பழைய சாமான் கடைக்காரரை வரும் திங்கட்கிழமை வரச் சொல்லியிருக்கிறார். அவருக்கு மறதியும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. இது நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து செய்த கூத்து, பாதி அவர், பாதி நான். ஆரம்பத்திலிருந்து சொன்னால்தான் உனக்குப் புரியும்.

அந்தத் தொட்டி வீட்டுக்கு வந்த கதையே உனக்கு முழுதாகத் தெரியாது. ரிட்டயர் ஆன புதிதில் அப்பா வீட்டிலிருந்த கதவுக்கெல்லாம் எண்ணெய் போட்டார், போட்ட கதவுக்கே மறுபடியும் போட்டார், கடைசியில் உன் அத்தை உள்ளே இருக்கும்போதே குளியலறைத் தாழ்ப்பாள் வழுக்கிக்கொண்டு திறந்துவிட்டது. அண்ணனுக்கு உடனே வேறு வேலை கொடுக்க வேண்டும் என்று அவள் போட்ட கூச்சலில்தான் இவர் வெளியே கிளம்பினார். பழைய சாமான் கடையில், இரும்புக் கூண்டுக்குள் உட்கார்ந்திருந்த ஒரு பெரிய வெள்ளைப் பிளாஸ்டிக் தொட்டியைப் பிடித்துக்கொண்டு வந்தார். ஜூஸ் கம்பெனியில் ஆரஞ்சுச் சாறு நிரப்பி வைத்திருந்ததாம். வந்து இறங்கிய அன்றே தெருவிலிருந்த எறும்பெல்லாம் குடும்பத்தோடு வந்துவிட்டன, கழுவிக் கழுவி என் கையே ஆரஞ்சு வாசம் அடித்தது. அதன் மேல்பாகத்தைக் குறுக்கே அறுத்துக் கவிழ்த்து, ஒரு தட்டு மாதிரி தொட்டிக்கு மேலேயே உட்கார வைத்தார். தட்டில் கூழாங்கல்லை நிரப்பிச் செடி, கீழே தண்ணீரில் மீன். மீன் அழுக்காக்கிய தண்ணீரை ஒரு சின்ன மோட்டார் மேலே ஏற்றும், கல்லும் செடியும் அந்த அழுக்கைச் சாப்பிடும், சுத்தமான தண்ணீர் திரும்பக் கீழே விழும். முப்பது வருஷம் லிஃப்ட் மெக்கானிக்காக இருந்தவருக்கு இதெல்லாம் ஒரு வேலையா, மேலே போனது கீழே வர வேண்டும், அவ்வளவுதானே என்று சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டார்.

மேலே போன தண்ணீர் கீழே வந்தது, கீழே இருந்த மீன்தான் மேலே வந்து மிதந்தது. குழாய்த் தண்ணீரை நிரப்பிய கையோடு குஞ்சுகளை விட்டுவிட்டார், மறுநாள் காலையில் ஒன்றுகூட உயிரோடு இல்லை. அப்போது நீங்கள் இருவரும் பேசி இரண்டு வருஷம் ஆகியிருந்தது. இங்கே கிடைத்த வேலையை விட்டுவிட்டு, அவ்வளவு தொலைவில் இருக்கும் தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்துக்குப் போகிறேன் என்று நீ சொன்னதும் அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார், கிளம்பிய அன்று வாசல்வரைகூட வரவில்லை. அவராகப் பேசினால்தான் பேசுவேன் என்று நீயும் வீம்பாக இருந்துவிட்டாய். இரண்டு பேருக்கும் ஒரே மூக்கு, அதன் நுனியில் ஒரே கோபம். அவள் சாப்பிட்டாளா கேள், அவர் மாத்திரை போட்டாரா கேள் என்று நடுவில் நான்தான் தபால்காரி. அன்று செத்த மீன்களை வாளியில் வைத்துக்கொண்டு அவர் உட்கார்ந்திருந்ததைப் பார்க்கச் சகிக்காமல், உன் நம்பரைப் போட்டுப் போனை அவர் காதில் வைத்துவிட்டேன். மீனெல்லாம் செத்துப்போச்சு என்றார், இரண்டு வருஷத்துக்குப் பிறகு மகளிடம் பேசிய முதல் பேச்சு அது. குழாய்த் தண்ணீரில் இருக்கும் குளோரின் முதலில் போக வேண்டும், கல்லில் நல்ல கிருமி வளரச் சில வாரம் பொறுக்க வேண்டும், அவசரத்துக்குப் பிறந்தவரா நீங்கள் என்று நீ வெளுத்து வாங்கினாய். போனில் தலையாட்டினால் உனக்கு எப்படித் தெரியும் என்பதுகூடத் தோன்றாமல் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். அன்று சாப்பிடும்போது, “அவளுக்கு விஷயம் தெரியுது” என்றார். அந்த வாயிலிருந்து வந்ததால், அது சட்டம் போட்டு மாட்ட வேண்டிய வார்த்தை.

அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமைதோறும் ஒரு பழுது, ஞாயிற்றுக்கிழமைதோறும் உனக்கு ஒரு போன். இலை மஞ்சளானது, இரும்புச்சத்துக் குறைவு என்றாய். தண்ணீர் பச்சையானது, வெயிலை மறைக்கச் சொன்னாய். ஒவ்வொன்றாகச் சரி செய்து காரியத்தைக் கெடுத்தவளே நீதான், ஏனென்றால் இப்போது தொட்டியில் சொல்லிக்கொள்ள ஒரு குறையும் இல்லை. கீரை அவ்வளவு வருகிறது, அக்கம்பக்கத்தார் நான் கட்டோடு வருவதைக் கண்டாலே கதவைச் சாத்துகிறார்கள். மீன்களும் கொழுகொழுவென்று ஆகிவிட்டன, எப்போது அடுப்பேறும் என்று அத்தை வரும்போதெல்லாம் கேட்க, அப்பா தொட்டிக்கு முன்னால் கையை விரித்துக்கொண்டு நிற்கிறார். பழுதே இல்லையென்றால் உன்னிடம் எதைப் பேசுவது. பழுதில்லாத முதல் வாரம், சனிக்கிழமை முழுக்கக் குட்டி போட்ட பூனை மாதிரி தொட்டியைச் சுற்றிச் சுற்றி வந்தார். அவருக்குப் பொய் சொல்ல வராது என்று உனக்கே தெரியும். அதனால் ஞாயிற்றுக்கிழமை காலையில் தன் பழைய பனியனைக் கிழித்துத் தண்ணீர் ஏறும் குழாயின் வாயில் திணித்துவிட்டு, உள்ளே வந்து உனக்குப் போன் போட்டு, தண்ணீர் ஏறவில்லை என்று உண்மையைச் சொன்னார். சமையலறை ஜன்னலில் நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். தண்ணீர் விழாமல் நின்றால் மீனுக்கு மூச்சு முட்டும் என்று நீதானே சொல்லியிருக்கிறாய், அவர் பேசிக்கொண்டிருக்கும்போதே பின்பக்கம் போய்ப் பனியனை உருவித் துவைக்கிற துணிக்குள் போட்டுவிட்டேன். நீ குழாயைப் போய்ப் பாருங்கள் என்றாய், அவர் வந்து பார்த்தால் தண்ணீர் கொட்டுகிறது. முகத்தில் ஈயாடவில்லை. திரும்பிப் போய், இப்போது வருகிறது என்றார், அதுவும் உண்மைதான். அடுத்த வாரமும் இதே கதை, அதற்கடுத்த வாரமும் இதே கதை, அவர் அடைப்பார், நான் எடுப்பேன். பனியன் எங்கே போகிறது என்று அவர் என்னைக் கேட்கவும் முடியாது, துவைத்த பனியன் ஏன் கிழிந்திருக்கிறது என்று நான் அவரைக் கேட்கவும் முடியாது. அங்கே நீ, வருகிற தண்ணீரை வரவில்லை என்கிறாரே, தலை குழம்பிவிட்டதே என்று பயந்துவிட்டாய். உன் மேல் தப்பே இல்லை, நானாக இருந்தாலும் அப்படித்தான் நினைத்திருப்பேன்.

போன ஞாயிறுவரை எனக்குச் சிரிப்பாகத்தான் இருந்தது. நீ சொல்லிவிட்டு வைத்த பிறகும் அவர் போனைக் கையிலேயே வைத்திருந்தார். பனியனை எடுத்தது நான்தான் என்று சொல்ல வாயெடுத்தேன், முடியவில்லை. மகளோடு பேசுவதற்காக இந்தப் பாடு பட்டது எனக்குத் தெரியும் என்றால் மனிதர் கூசிப்போவார். “அவ சொன்னா சரியாத்தான் இருக்கும், குடுத்துடலாம்” என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது. மீனுக்காக அழுகிறேன் என்று நினைத்து, சின்னக் கண்ணாடித் தொட்டி வாங்கித் தருகிறேன் என்று சமாதானம் வேறு சொன்னார். இந்த ஞாயிற்றுக்கிழமை அவர் உனக்குப் போன் போட மாட்டார், போடுவதற்கு அவரிடம் காரணம் எதுவும் மிச்சமில்லை. மறுபடியும் தபால்காரி வேலை பார்க்க என்னால் முடியாது. உன் குரலைக் கேட்காமல் இருக்க அவரால் முடியாது.

அதனால் நீ கூப்பிடு. பனியனைப் பற்றி மூச்சு விடாதே, தொட்டியைக் கொடுக்க வேண்டாம் என்றும் எடுத்த எடுப்பில் சொல்லாதே, நான்தான் ஓதினேன் என்று கண்டுபிடித்துவிடுவார். பழைய சாமான்காரரைத் திருப்பி அனுப்புவது என் பொறுப்பு. நீ உன் கட்டடத்து லிஃப்ட்டைப் பற்றிக் கேள். கதவு மூடியதும் ஒரு குலுங்கு குலுங்கிவிட்டுத்தான் கிளம்புகிறது, பாதி வழியில் ஆடுகிறது, பயத்தில் படியேறிப் போகிறேன் என்று என்னிடம் எத்தனை தடவை சொல்லியிருக்கிறாய். பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டு அந்த மனிதர் எப்படித் தவிப்பார் தெரியுமா. நீ போனை வைத்ததும் எனக்குப் பாடம் நடத்துவார், லிஃப்ட்டில் பரீட்சை வைத்தால் நான் இப்போது பாஸாகிவிடுவேன். ஆனால் ஒரு தடவைகூட நீ அவரைக் கேட்டதில்லை. இத்தனை மாதமாக அவர்தான் உன்னைக் கேட்டுக்கொண்டிருக்கிறார், இந்த ஒரு தடவை நீ கேள்.

ஈரத்தலையோடு வெளியே போகாதே. மேலதிகாரியிடம் வாய்க்கு வாய் பேசாதே. நீ நன்றாக இருக்க வேண்டும், நினைத்ததெல்லாம் உனக்குக் கைகூட வேண்டும், அம்மாவின் ஆசி எப்போதும் உண்டு. படித்ததும் கடிதத்தைக் கிழித்துப் போட்டுவிடு. இன்னும் ஒன்று, நன்றாக நினைவில் வைத்துக்கொள். நீ லிஃப்ட்டைப் பற்றிக் கேட்டதும் அவர் முதலில் கனைப்பார், பிறகு, போனில் கேட்டால் எப்படித் தெரியும், நேரில் பார்த்தால்தான் சொல்ல முடியும் என்பார். அதற்கு மேல் கேட்க உன் அப்பாவுக்கு வாய் வராது. நீ சிரிக்காதே, யோசிக்காதே, லீவு இருக்கிறதா என்றெல்லாம் கணக்குப் போடாதே, “அப்ப வாங்கப்பா” என்று உடனே சொல்லிவிடு.

இப்படிக்கு,
உன் அம்மா