அப்பா முகத்தில் இல்லாத கோபம்

என் தங்கத்துக்கு,

நீ அங்கே வேளைக்குச் சாப்பிட்டு, தூங்கி, நலமாக இருக்கிறாய் என்று நம்புகிறேன், இங்கே நான் நலம், அப்பாவும் நலம் என்று எழுதக் கை வரவில்லை, போனில் சொன்னால் பாதியிலேயே அழுதுவிடுவேன் என்றுதான் கடிதம். இன்னும் இரண்டு வருடம் அங்கேதான் வேலை என்று வீடியோவில் நீ சொன்னபோது அப்பா உம்மென்று உட்கார்ந்திருந்தார், அப்பாவுக்கு எம்மேல கோபம் தீரவே தீராதாம்மா என்று கேட்டுவிட்டுப் போனை வைத்தவள்தான் நீ, ஆறு வாரமாக அவரைக் கூப்பிடவில்லை. உன்னைச் சொல்லிக் குற்றமில்லை, பெற்ற பெண்ணிடம் முகம் கொடுத்துப் பேசினால் குறைந்தா போய்விடுவீர்கள் என்று நானும் அவரோடு சண்டை போட்டேன். அவர் பாட்டுக்குச் சட்டைக்குப் பொத்தான் வைத்துக்கொண்டிருந்தார், முப்பது வருடத் தையல்காரருக்கு ஒரு பொத்தானுக்கு அரைமணி நேரம். அளவு நோட்டில் எழுத்தும் எறும்பாகச் சிறுத்துக்கொண்டே போனது, மைக்குக்கூடவா கஞ்சம் என்று கேலி வேறு செய்தேன், என் வாயைத்தான் தைத்திருக்க வேண்டும்.

போன வாரம் கத்தரிக்கோல் கையிலிருந்து நழுவிய பிறகுதான் டாக்டரிடம் போனோம். நடக்கச் சொன்னார், விரல்களைத் தட்டச் சொன்னார், பார்க்கின்சன் நோய் என்றார். மூளைக்குள் சேதி கொண்டுபோக டோபமின் என்று ஒரு ரசாயனம் உண்டாம், அது அப்பாவுக்குக் குறைந்துகொண்டே வருகிறதாம், அதனால் கையை நீட்டு, காலை எடுத்து வை, சிரி என்பதெல்லாம் உடம்புக்குச் சரியாகப் போய்ச் சேருவதில்லையாம், மனசு சோர்ந்து கிடப்பதற்கும் அதில் பங்கு உண்டாம். அப்போ உள்ளே சந்தோஷம் இருக்குமா டாக்டர் என்று மட்டும் கேட்டேன். இருக்கும்மா, முகத்துக்கு வராது, அவ்வளவுதான் என்றார். அங்கேயே அழுதுவிட்டேன். வெளியே படி இறங்கும்போது அப்பா மெதுவாகச் சொன்னார், பாப்பாகிட்ட சொல்லிடு, ரெண்டு வருஷம்னு அவ சொன்னப்போ எனக்குப் பெருமையாத்தான் இருந்துச்சு என்று.

மாத்திரை ஆரம்பித்திருக்கிறோம், கொஞ்சம் கொஞ்சமாகத்தான் பிடிக்குமாம், நீ வேலையை விட்டுவிட்டு ஓடிவர வேண்டாம். வந்து நின்றால் போ என்று சொல்கிற தைரியம் எனக்கு இல்லை, அதையும் எழுதிவிடுகிறேன், உன்னைப் பார்க்க வேண்டும்போல் இருக்கிறது.

எங்கள் இருவர் ஆயுளும் சேர்த்து நீ நன்றாக இரு. ஞாயிற்றுக்கிழமை மறக்காமல் அப்பாவைக் கூப்பிடு. திரையில் அவர் முகம் அசையாது, பயப்படாதே. இத்தனை வருடம் கூடவே இருந்தவளுக்குத் தெரியாதா, பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு அவர் சிரிக்கும்போதெல்லாம் உனக்குச் சொல்கிறேன்.

இப்படிக்கு,
உன் அம்மா